கேள்வி-பதில்: விட்டுக்கொடுத்த பணம் எங்க போகுது?

போன இதழ்ல என்பிஏ (அமெரிக்க கூடைப்பந்து லீக்) ஃப்ரீ ஏஜென்சி, அதாவது கான்ட்ராக்ட் முடிஞ்ச ப்ளேயர் புது டீம் தேடறது பத்தி ரெண்டே ரெண்டு பாரா எழுதினேன், அதுக்கு இத்தனை கடிதம் வரும்னு எதிர்பார்க்கல. கான்ட்ராக்ட் முடிஞ்ச ப்ளேயர் அதிகமா காசு தர்ற டீமுக்குப் போகணுமா, ஜெயிக்கிற டீமுக்குப் போகணுமாங்கற ஒரே விஷயத்தை வெச்சுத்தான் பாதிக்கு மேல கேட்டிருக்கீங்க, அதனால இந்த இதழ் முழுக்க அதுக்கே ஒதுக்கிட்டேன்.

கேள்வி: ஏற்கெனவே மில்லியன் கணக்குல சம்பாதிச்சாச்சு, அப்பறமும் கப் அடிச்ச டீமை விட்டுட்டு காசுக்காக ஓடுறது பேராசை இல்லாம வேற என்ன சார்?

இதே கேள்வியை 6 பேரு கேட்டிருக்கீங்க, அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன். புரூஸ் பிரவுன்னு ஒருத்தர். ஸ்டார் கிடையாது, ஆனா எந்த கோச்சும் ஆசைப்படற மாதிரி ஓடி ஓடி டிஃபென்ஸ் ஆடுற ஆளு. 2022-ல டென்வர் நக்கெட்ஸ் டீம்ல வருஷத்துக்கு சுமார் 6.5 மில்லியன் டாலருக்கு சேர்ந்தாரு. 2023 ஃபைனல்ஸ்ல மயாமியோட 5வது மேட்ச், முடிய ஒன்றரை நிமிஷம் இருக்கு, டென்வர் 1 பாயின்ட் பின்தங்கியிருக்கு. டீம்மேட் போட்ட பந்து உள்ள போகாம ரிங்ல பட்டு வெளிய வருது, கூட்டத்துக்கு நடுவுல பாஞ்சு அதைப் புடிச்சு அப்படியே திருப்பி உள்ள போட்டது இந்த பிரவுன்தான், 90-89. அதுக்கப்பறம் டென்வர் கைய விட்டு லீட் போகவே இல்ல, அந்த டீமோட சரித்திரத்துலயே முதல் கப்.

மூணு வாரம்கூட ஆகல, இந்தியானா பேசர்ஸ் 2 வருஷத்துக்கு 45 மில்லியன் டாலர் தர்றோம்னு வந்தாங்க. டென்வர் அவரை வெச்சுக்கத்தான் ஆசைப்பட்டுச்சு, ஆனா ரூல் விடல. சேலரி கேப் (ஒரு டீம் மொத்தமா தரலாம்னு லீக் வெச்ச சம்பள அளவு) லிமிட்டைத் தாண்டின டீம் தன்னோட சொந்த ப்ளேயருக்கு லிமிட்டுக்கு மேலயும் சம்பளம் குடுக்கணும்னா "பேர்ட் ரைட்ஸ்"னு ஒண்ணு வேணும் (லேரி பேர்டு பேருல வந்த ரூல்), அது முழுசா கிடைக்க ஒரே டீம்ல 3 சீசன் ஓடியிருக்கணும். பிரவுன் ஆடினது ஒரே ஒரு சீசன், அதனால பழைய சம்பளத்துல 120 பர்சென்ட்தான் தர முடியும், அதாவது 7.8 மில்லியன் சுமாருக்கு. ஒரு பக்கம் வருஷம் 7.8, இன்னொரு பக்கம் 22-க்கு மேல. வயசு 26. முட்டி ஒரு தடவை திரும்பினா எல்லாம் முடிஞ்சிடுங்கற தொழில்ல இருக்கற பையன் அந்த 45-ஐ வேணாம்னு சொல்லணும்னு நாம சோஃபாவுல உக்காந்து எதிர்பார்க்கறோம் பாருங்க, அதுதான் எனக்கு நியாயமா படல.

போனாரு. ஆறே மாசத்துல இந்தியானா அவரை டொராண்டோவுக்கு ட்ரேட் பண்ணிடுச்சு (வேற ப்ளேயருக்குப் பதிலா மாத்திக்கறது), அங்கிருந்து நியூ ஆர்லியன்ஸ், ரெண்டு வருஷம் நல்ல டீம்னு ஒண்ணுல நிலையா ஆடவே இல்ல. கான்ட்ராக்ட் முடிஞ்சதும் 2025-ல அதே டென்வருக்கே மினிமம் சம்பளத்துக்குத் திரும்பி வந்துட்டாரு. பேராசைக்காரன்னா மினிமம் சம்பளத்துக்கு ஏன் வரப்போறாரு? குடும்பத்துக்கு வேண்டியதை ஒரே தடவையில சேர்த்து வெச்சாச்சு, இப்ப மனசுக்குப் புடிச்ச எடத்துல ஆடுறாரு.

கேள்வி: ஜூலை மாசம் என்னதான் நடக்குது? சுருக்கமா சொல்லுங்க, எனக்கு கேப், மேக்ஸ் எல்லாம் ஒண்ணும் புரியல.

ஜூன் 30 சாயங்காலம் அமெரிக்க கிழக்கு நேரம் 6 மணிக்கு எல்லா டீமும் எல்லா ஃப்ரீ ஏஜென்ட்டோடயும் பேச ஆரம்பிக்கலாம், பெரும்பாலான கையெழுத்து ஜூலை 6-க்கு அப்பறம்தான். ஒவ்வொரு டீமுக்கும் மொத்த சம்பளத்துக்கு ஒரு அளவு உண்டு, அதுதான் கேப், 2025-26 சீசனுக்கு அது 154.6 மில்லியன். ஒரு தனி ஆளுக்கு அதிகபட்சம் அதுல 25 பர்சென்ட், 7 வருஷம் ஆடியிருந்தா 30, 10 வருஷம் ஆனா 35, இதைத்தான் மேக்ஸ்னு சொல்றாங்க. சொந்த டீம் 5 வருஷ கான்ட்ராக்ட்டும் வருஷத்துக்கு 8 பர்சென்ட் உயர்வும் தரலாம், வெளி டீம்னா 4 வருஷம், 5 பர்சென்ட் அவ்ளோதான். ஆக பெரிய ப்ளேயர் டீம் மாறினாலே காசு நட்டம்ங்கற மாதிரிதான் ரூலையே கட்டி வெச்சிருக்காங்க. இதை மட்டும் மனசுல வெச்சுக்கங்க, மத்த பதிலெல்லாம் தானா புரியும்.

கேள்வி: டிம் டங்கன், டர்க் நோவிட்ஸ்கி ரெண்டு பேரும் டீமுக்காக சம்பளத்தைக் குறைச்சுக்கிட்டாங்களே, இப்ப இருக்கற பசங்களுக்கு ஏன் அந்த மனசு இல்ல?

நானும் அவங்க ரெண்டு பேரையும் ரொம்ப மதிக்கறவன்தான். ஆனா அந்த ரெண்டு கதையையும் கடைசி வரைக்கும் பார்க்கணும், பாதியில நிறுத்தக் கூடாது.

டங்கன் 2011-12 சீசன்ல 21 மில்லியனுக்கு மேல வாங்கினாரு, அடுத்த வருஷமே 10 மில்லியனுக்கும் கீழ இறங்கினாரு. அதே 2012 கோடையில சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் டேனி கிரீனையும் போரிஸ் டியாவையும் கையெழுத்து போட வெச்சு தக்க வெச்சுக்கிட்டாங்க. 2013 ஃபைனல்ஸ்ல கிரீன் 27 த்ரீ (தூரத்துல இருந்து போடற 3 பாயின்ட் ஷாட்) போட்டாரு, அப்ப அது ரெக்கார்டு. அந்த வருஷம் தோத்தாங்க. 2014-ல டியாவை ஃபைனல்ஸ் நடுவுல முதல் அஞ்சுல எறக்கினதும் ஆட்டமே மாறிப் போச்சு, டங்கனுக்கு 5வது கப். அவர் விட்டுக்குடுத்த காசு கண்ணுக்கு முன்னாடி ப்ளேயரா மாறி களத்துல நின்னுச்சு.

டர்க் 2014-ல செஞ்சது அதைவிடப் பெருசு. வெளிய மேக்ஸ் ஆஃபர் இருந்தும் டல்லாஸ்லயே 3 வருஷத்துக்கு 25 மில்லியன்னு கையெழுத்து போட்டாரு. அதனால கிடைச்ச எடத்துல டல்லாஸ் சாண்ட்லர் பார்சன்ஸை 46 மில்லியனுக்கு கூட்டிட்டு வந்துச்சு, அவருக்கு முட்டி போயிடுச்சு, ரெண்டே வருஷத்துல கெளம்பிட்டாரு. 2011-ல கப் அடிச்சதுக்கு அப்பறம் 2019-ல ரிடையர் ஆகற வரைக்கும் டர்க் ஒரு ப்ளேஆஃப் (சீசன் முடிஞ்சதும் கப்புக்காக நடக்கற நாக்-அவுட்) ரவுண்டுகூட ஜெயிக்கல, டல்லாஸ் அடுத்ததா ஒரு ரவுண்டு ஜெயிச்சதே 2022-ல. அந்த மனுஷனோட மனசுல எந்தக் குறையும் இல்ல, அந்தக் காசை செலவு பண்ணினவங்க எடுத்த முடிவு சரியா வரல, அதுக்கு அவர் என்ன பண்ணுவாரு?

நான் திரும்பத் திரும்ப சொல்ற விஷயம் இதுதான். ஒரு ப்ளேயர் சம்பளத்தைக் குறைச்சுக்கிட்டாருன்னு நியூஸ் வந்தா உடனே கைதட்டாதீங்க, குறைஞ்ச காசு எங்க போச்சுன்னு கேளுங்க. 2017-ல கெவின் டுரான்ட் கிட்டத்தட்ட 9 மில்லியன் கம்மியா வாங்கினாரு, அவரோட டீம்மேட்ஸ் இகுவடாலாவும் லிவிங்ஸ்டனும் கோல்டன் ஸ்டேட் டீம்லயே தங்கினாங்க, அடுத்த வருஷம் கப் வந்துச்சு, சரி. ஆனா சில டீம்ல அந்த மிச்சம் அப்படியே ஓனரோட லக்சுரி டேக்ஸ் (சம்பளம் ஒரு எல்லையைத் தாண்டினா டீம் லீக்குக்குக் கட்டற வரி) பில்லைக் குறைக்கறதுக்குத்தான் போகும். பல பில்லியன் மதிப்புள்ள டீமை வெச்சிருக்கற ஓனரை யாரும் "உங்க லாபத்துல கொஞ்சம் விட்டுக்குடுங்க"ன்னு கேக்கறதில்ல, ஆடுறவனைத்தான் கேக்கறோம், இது எனக்கு வருஷக்கணக்கா உறுத்தற விஷயம்.

கேள்வி: டுரான்ட் பேரைச் சொன்னாலே எனக்குக் கோவம் வரும். 2016-ல ஓக்லஹோமாவை விட்டுட்டு தன்னைத் தோக்கடிச்ச டீம்லயே போய் சேர்ந்ததை உங்களால நியாயப்படுத்த முடியுமா?

உங்க கோவம் புரியுது. வெஸ்ட் ஃபைனல்ஸ்ல (ஃபைனல்ஸுக்கு முந்தின ரவுண்டு) கோல்டன் ஸ்டேட்டுக்கு எதிரா ஓக்லஹோமா 3-1னு முன்னாடி இருந்துச்சு, இன்னும் ஒரே மேட்ச் ஜெயிச்சா போதும். 6வது மேட்ச் சொந்த ஊர்ல, அன்னிக்கு கோல்டன் ஸ்டேட்டோட கிளே தாம்சன் 11 த்ரீ போட்டாரு, ஒவ்வொண்ணும் உள்ள போகப் போக ஸ்டேடியத்துல சத்தம் அடங்கிக்கிட்டே வந்துச்சு, நான் அதை மறக்கவே இல்ல. ஒரு மாசம் கழிச்சு ஜூலை 4-ம் தேதி டுரான்ட் அதே டீமுக்குப் போறேன்னு அறிவிக்கறாரு, அதுவும் அந்த சீசன்ல 73 மேட்ச் ஜெயிச்ச டீம். ஓக்லஹோமா ஜனங்களுக்கு அன்னிக்கு எப்படி இருந்திருக்கும்னு நெனைச்சா இப்பவும் கஷ்டமா இருக்கு.

ஆனா அது எப்படி சாத்தியமாச்சுன்னு பாருங்க. புது டிவி ஒப்பந்தத்தால அந்த ஒரே வருஷத்துல கேப் 70 மில்லியன்ல இருந்து 94 மில்லியனுக்குத் தாவிடுச்சு. வழக்கமான வருஷமா இருந்திருந்தா ஏற்கெனவே 3 ஆல்ஸ்டாரை வெச்சிருந்த கோல்டன் ஸ்டேட்ல டுரான்ட்டுக்கு எடமே இருந்திருக்காது. கொஞ்சம் கொஞ்சமா ஏத்தலாம்னு லீக் சொன்னதை ப்ளேயர்ஸ் யூனியன் ஒத்துக்கல, அதுக்கு அவங்க பக்க நியாயம் அவங்களுக்கு. இப்ப என்னதான் வருமானம் வந்தாலும் கேப் வருஷத்துக்கு 10 பர்சென்ட்டுக்கு மேல ஏறாதுன்னு ரூல் வந்துடுச்சு.

துரோகம்ங்கற வார்த்தையை நான் ஏத்துக்க மாட்டேன். 9 வருஷம் ஒரே நிறுவனத்துல வேலை பாத்தவரு, கான்ட்ராக்டை முழுசா முடிச்சவரு, தானா முடிவெடுக்கற உரிமை வாழ்க்கையில முதல் தடவையா அன்னிக்குத்தான் கைக்கு வந்துச்சு, ஏன்னா முதல் டீமை ட்ராஃப்ட்தான் (புது ப்ளேயர்களை டீமுங்க வரிசையா தேர்ந்தெடுக்கறது) முடிவு பண்ணுச்சு, நடுவுல அந்த டீமே சியாட்டில்ல இருந்து ஓக்லஹோமாவுக்கு ஊர் மாத்திக்கிட்டுப் போச்சு, அதை யாரும் அவர்கிட்ட கேட்டு செய்யல. அந்த முடிவால ரெண்டு வருஷம் லீக்ல சுவாரசியம் கொறைஞ்சு போச்சுங்கறது உண்மைதான், அதை நான் மறுக்கல. ஆனா அவருக்கு 2017, 2018 ரெண்டு கப், ரெண்டு தடவையும் ஃபைனல்ஸ் எம்விபி (சிறந்த ஆட்டக்காரர்). 2019-ல அதே டீமுக்காக முழுசா குணமாகாத காலோட எறங்கி ஃபைனல்ஸ் 5வது மேட்ச்ல அகிலிஸ் (குதிகால் தசைநார்) அறுந்து உக்காந்தாரே, அந்தக் காட்சியைப் பாத்ததுக்கு அப்பறமும் ஈஸியான வழியைத் தேடிப் போனவர்னு அவரைச் சொல்ல எனக்கு வாய் வரல.

கேள்வி: ரிடையர் ஆகப் போற வயசுல மோதிரத்துக்காக (கப் அடிச்ச டீமுக்குத் தர்றது) பெரிய டீம்ல போய் ஒட்டிக்கறது அசிங்கமா இல்லையா?

இல்லவே இல்ல. கார்ல் மலோன் 2002-03-ல யூட்டால 19 மில்லியனுக்கு மேல வாங்கினவரு, அடுத்த வருஷம் 1.5 மில்லியனுக்கு லேக்கர்ஸ்ல சேர்ந்தாரு. 40 வயசு, முட்டி காயம், ஃபைனல்ஸ்ல டெட்ராய்ட்கிட்ட 4-1னு தோல்வி, கடைசி வரைக்கும் மோதிரம் கிடைக்கல. டேவிட் வெஸ்ட் 2015-ல இந்தியானால கையில இருந்த 12.6 மில்லியனை வேணாம்னுட்டு மினிமத்துக்கு சான் அன்டோனியோ போனாரு, அந்த டீம் 67 மேட்ச் ஜெயிச்சுட்டு ரெண்டாவது ரவுண்டுல வெளிய போச்சு. அப்பறம் கோல்டன் ஸ்டேட் போய் ரெண்டு தடவை கப் அடிச்சாரு. ரெண்டு பேரும் அதுக்கு முன்னாடியே சம்பாதிக்க வேண்டியதை சம்பாதிச்சாச்சு, தன் சொந்தக் காசை விட்டுக்குடுத்து ஆசைப்பட்டதைத் தேடிப் போனாங்க, இதுல அசிங்கம் எங்க இருக்கு?

கேள்வி: என் அண்ணன் சொல்றான், நல்ல ப்ளேயர்னா சின்ன கான்ட்ராக்டை ஒத்துக்காம தன் மேல நம்பிக்கை வெச்சு காத்திருக்கணும்னு. நான் கையில கிடைச்சதை வாங்கணும்னு சொல்றேன். யார் சொல்றது சரி?

உங்க ரெண்டு பேருக்கும் ஒவ்வொரு ஆளைக் காட்டறேன்.

ஸ்காட்டி பிப்பன். அர்கன்சாஸ் மாநிலத்துல ஹாம்பர்க்னு ஒரு சின்ன ஊரு, 12 புள்ளைங்கள்ல கடைசி. அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து சக்கர நாற்காலி, ஒரு அண்ணனுக்கும் அடிபட்டு சக்கர நாற்காலி. ஒரே வீட்டுல ரெண்டு நாற்காலி. அந்தப் பையன்கிட்ட 1991-ல சிகாகோ புல்ஸ் 5 வருஷத்துக்கு 18 மில்லியன்னு பேப்பரை நீட்டினா அவன் எப்படி "இன்னும் ரெண்டு வருஷம் பாக்கலாம்"னு சொல்லுவான்? கையெழுத்து போட்டுட்டாரு. அதுக்கப்பறம் லீக்ல சம்பளம் தாறுமாறா ஏறிடுச்சு. 1997-98-ல ஜோர்டானுக்கு 33 மில்லியன், பிப்பனுக்கு 2.8 மில்லியன் சுமார், மொத்த லீக்ல சம்பள வரிசையில 122வது ஆளு, தன் டீம்லயே 6வது. உலகத்துலயே முதல் அஞ்சு பேருல ஒருத்தரா ஆடிக்கிட்டிருந்தவரு! அந்த வருஷம் அவருக்கு எவ்ளோ கசப்பு இருந்துச்சுன்னு ஊருக்கே தெரியும். ஆனா 6 மோதிரம் வந்துச்சு, உடம்பு தாங்குச்சு, 1998-ல ஹூஸ்டன் 5 வருஷத்துக்கு 67 மில்லியன் குடுத்துச்சு, மொத்த கேரியர் சம்பளத்தைக் கூட்டிப் பாத்தா ஜோர்டானையே தாண்டிட்டாரு.

இப்ப ஐசேயா தாமஸ். 5 அடி 9 இன்ச் உயரம், 2011 ட்ராஃப்ட்ல கடைசி, 60வது ஆளா எடுத்தாங்க. 2016-17-ல பாஸ்டனுக்கு மேட்ச்சுக்கு 28.9 பாயின்ட் அடிச்சாரு, சம்பளம் 7 மில்லியனுக்குள்ளதான். 2018-ல கான்ட்ராக்ட் முடியும், அப்ப மேக்ஸ் வரும்னு அவரும் நம்பினாரு, நாங்களும் நம்பினோம். 2017 ப்ளேஆஃப்ல பாஸ்டனோட முதல் மேட்ச்சுக்கு முந்தின நாள் அவரோட தங்கச்சி கார் விபத்துல இறந்துட்டாங்க. மறுநாள் கண்ணீரோட வந்து ஆடினாரு. இடுப்பு வலியோட அந்த ப்ளேஆஃப்ல ஓடினாரு, ஒரு கட்டத்துல முடியாம நின்னாரு. ஆகஸ்ட்ல பாஸ்டன் அவரை கிளீவ்லாண்டுக்கு ட்ரேட் பண்ணிடுச்சு. 2018 கோடையில அவருக்குக் கெடைச்சது ஒரு வருஷம், 2 மில்லியன். அந்த இடுப்பு அப்பறம் பழையபடி ஆகவே இல்ல.

தாமஸ் எந்தத் தப்பும் பண்ணல, டீமுக்காக வலியோட ஆடினதுதான் அவர் செஞ்சது. அதனால நான் உங்க பக்கம்தான். முதல் பெரிய கான்ட்ராக்ட் கைக்கு வந்தா வாங்கிக்கணும், எந்த டீம், எத்தனை மேட்ச் ஜெயிக்கும், எல்லாம் அப்பறம். அண்ணன்கிட்ட கோவிச்சுக்காதீங்க, அவர் சொல்றது பிப்பன் விஷயத்துல சரியா இருந்திருக்கும், ஆனா 1991-ல உக்காந்துக்கிட்டு 1998-ஐ யாரால பாக்க முடியும்?

கேள்வி: டாக்ஸ் எல்லாம் இதுல கணக்குல வருமா?

நல்லாவே வரும். டெக்சாஸ், ஃப்ளோரிடாவுல மாநில வருமான வரி கிடையாது, கலிஃபோர்னியாவுல மேல்மட்டத்துல 13 பர்சென்ட்டைத் தாண்டும். வெளியூர் போய் ஆடுற மேட்ச்சுக்கு அந்தந்த மாநிலமும் பங்கு கேக்கும். மேல மத்திய வரி, ஏஜென்ட்டுக்கு அதிகபட்சம் 4 பர்சென்ட், லீக் புடிச்சு வெக்கற 10 பர்சென்ட் எஸ்க்ரோ. பேப்பர்ல பாக்கற தொகையில பாதிகூட கைக்கு வராத ப்ளேயர்ஸ் நெறைய.

கேள்வி: எப்பவும் ஆம்பளைங்க லீக் பத்தியே எழுதறீங்க. பெண்கள் லீக்ல இந்தப் பிரச்சினை இல்லையா?

கேட்டது நியாயம்தான், இன்னும் கூர்மையா பாக்கணும்னா அங்கதான் பாக்கணும். டயானா டவ்ராசி 2014-ல ஃபீனிக்ஸ் மெர்க்குரிக்கு கப் அடிச்சுக் குடுத்தாங்க. அடுத்த வருஷம் டபிள்யூஎன்பிஏவுல ஆடவே இல்ல. அவங்க குளிர்காலத்துல ஆடிக்கிட்டிருந்த ரஷ்ய கிளப் கோடையில நீங்க ரெஸ்ட் எடுங்கன்னு காசு குடுத்துச்சு. அங்க அவங்க சம்பளம் சுமார் 1.5 மில்லியன் டாலர்னு அப்ப எல்லா எடத்துலயும் வந்துச்சு, அமெரிக்காவுல அதிகபட்ச சம்பளமே 1 லட்சத்து 7 ஆயிரம் டாலர்தான். உலகத்துலயே சிறந்த ஆட்டக்காரி தன் சொந்த நாட்டு லீக்ல ஆடாம இருக்கறதுக்கு அந்த லீக் சம்பளத்தைவிட ஜாஸ்தி காசு! வருஷம் முழுக்க ரெண்டு நாட்டுல மாத்தி மாத்தி ஆடி உடம்பு தேஞ்சவங்க, வேற என்ன முடிவு எடுப்பாங்க?

பிரியானா ஸ்டூவர்ட் 2023-ல நியூயார்க் லிபர்ட்டி வந்தப்ப மேக்ஸ் 2 லட்சத்து 34 ஆயிரத்துக்கு மேல, அவங்க வாங்கினது 1 லட்சத்து 75 ஆயிரம், கூட நல்ல ஆளுங்க சேரணும்னு. 2024-ல அந்த டீம் முதல் கப் அடிச்சுது. டர்க் விட்டுக்குடுத்தது மில்லியன்ல, இவங்க விட்டுக்குடுத்தது ஆயிரத்துல, ஆனா மொத்த சம்பளத்துல அது நாலுல ஒரு பங்கு, அதை நெனைச்சுப் பாருங்க.

கேள்வி: ஜேலன் பிரன்சன் 113 மில்லியனை விட்டுக்குடுத்தாருன்னு படிச்சேன், நம்பவே முடியல.

கணக்கு உண்மைதான், ஆனா ரெண்டு விஷயம் சேர்த்துப் பாக்கணும். 2024 ஜூலைல நியூயார்க் நிக்ஸ்ல 4 வருஷத்துக்கு 156.5 மில்லியன்னு கையெழுத்து போட்டாரு, ஒரு வருஷம் பொறுத்திருந்தா 5 வருஷத்துக்கு 269 கிடைச்சிருக்கலாம். முதல் விஷயம், அந்த ஒரு வருஷத்துல காயம் ஆனா என்ன பண்றது, தாமஸ் கதையைத்தான் இப்ப சொன்னேனே. ரெண்டாவது, 2028-ல அவருக்கு 10 வருஷ அனுபவம் வந்துடும், 35 பர்சென்ட் மேக்ஸுக்குத் தகுதி வரும், அப்ப விட்டதுல பெரும்பகுதியைத் திருப்பி எடுக்க வழி இருக்கு.

இதெல்லாம் சொன்னாலும் அது பெரிய முடிவுதான், ஏன்னா லீக்கும் ப்ளேயர்ஸ் யூனியனும் போட்ட 2023 ஒப்பந்தத்துக்கு அப்பறம் "செகண்ட் ஏப்ரன்"னு ஒரு கோடு போட்டிருக்காங்க, சம்பளம் அதைத் தாண்டிடுச்சுன்னா ரெண்டு ப்ளேயர் சம்பளத்தைச் சேர்த்து ஒரு பெரிய ட்ரேட் பண்ண முடியாது, வெளிய இருந்து ஆள் எடுக்கற வழியும் ஏறக்குறைய அடைபட்டுடும். முன்னெல்லாம் பணக்கார ஓனர் வரியைக் கட்டிட்டு டீமைக் காப்பாத்திக்கலாம், இப்ப அது முடியாது, அதனால ஒரு ஸ்டார் 10 மில்லியன் கம்மியா வாங்கறதுக்கு முன்னைவிட இப்ப மதிப்பு ஜாஸ்தி. பிரன்சன் விட்ட எடத்துல நியூயார்க் கார்ல்-ஆன்டனி டவுன்ஸைக் கொண்டு வந்துச்சு, 2025-ல ஈஸ்ட் ஃபைனல்ஸ் போச்சு, 2000-க்கு அப்பறம் அதுதான் முதல் தடவை. காசு எங்க போச்சுன்னு கேட்டா இங்க பதில் இருக்கு.

கேள்வி: கடைசி வரைக்கும் ஒரே டீம்னு இருந்த டேமியன் லில்லர்டே போர்ட்லண்டை விட்டுப் போனாரே, விசுவாசத்துக்கு என்ன மதிப்பு?

2012-ல இருந்து 11 வருஷம் இருந்தாரு, முழு சம்பளமும் வாங்கினாரு, டீமும் ஒரே ஒரு தடவை 2019-ல வெஸ்ட் ஃபைனல்ஸ் வரைக்கும் போச்சு. 2023-ல கேட்டுட்டு வெளிய வந்து மில்வாக்கி போனாரு, ரெண்டு வருஷமும் முதல் ரவுண்டுலயே தோல்வி, 2025 ஏப்ரல்ல அகிலிஸ் அறுந்துச்சு. மில்வாக்கி அவரை விடுவிச்சு, மிச்சமிருந்த சுமார் 113 மில்லியனை 5 வருஷத்துக்குப் பிரிச்சுத் தர்றோம்னு ஏத்துக்கிச்சு. அடுத்த சீசன் முழுக்க ஆட முடியாதுன்னு தெரிஞ்சும் போர்ட்லண்ட் 3 வருஷத்துக்கு 42 மில்லியன் குடுத்து வீட்டுக்குக் கூப்பிட்டுக்கிச்சு. அவர் புள்ளைங்க இருக்கற ஊர் அது. அவர் முகத்துல அன்னிக்கு இருந்த சிரிப்பைப் பாத்தவங்களுக்கு உங்க கேள்விக்குப் பதில் தெரிஞ்சிருக்கும்.

கேள்வி: காசைத் தேர்ந்தெடுத்துட்டு கப்பும் அடிச்ச ஆள் யாராவது உண்டா?

உண்டு, அலெக்ஸ் கரூசோ. 2016-ல ட்ராஃப்ட்ல யாரும் எடுக்கல, ஓக்லஹோமாவோட சின்ன டீம்ல இருந்து ஆரம்பிச்சாரு. லேக்கர்ஸோட 2020-ல ஒரு கப். 2021-ல சிகாகோ 37 மில்லியன் தந்துச்சு, லேக்கர்ஸ் அந்த அளவுக்கு வரல, கெளம்பிட்டாரு. சிகாகோவுல 3 வருஷம், பெருசா ஒண்ணும் ஜெயிக்கல. 2024-ல ஓக்லஹோமாவே அவரை ட்ரேட்ல எடுத்துச்சு, அதே வருஷ டிசம்பர்ல 81 மில்லியனுக்குப் புது கான்ட்ராக்ட். 2025 ப்ளேஆஃப்ல டென்வரோட 7வது மேட்ச், தன்னைவிட 15 சென்டிமீட்டர் உயரமான டென்வர் ஸ்டார் யோகிச்சை இவர்தான் முன்னாடி நின்னு தள்ளித் தள்ளி நிறுத்தினாரு, ஓக்லஹோமா 125-93னு ஜெயிச்சுது. அடுத்த மாசம் ரெண்டாவது மோதிரம்.